படம் எடுக்க யாருக்கு யோக்கியதை?

ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், 1950ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், சில மாலை வேளைகளில் சர்க்கார் வண்டியொன்று வந்து நிற்பதுண்டு. படம் காட்டும் கருவியும், ஒலிபெருக்கியும், வெள்ளைத் திரையும் அவ்வண்டியில் வரும். திடலில் திரை கட்டுவார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்வெட்டித் திரும்பிய ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். திரையில் பேசுகிற குரல் தமிழ்க் குரலாயிருக்கும். ஆனால் படம் எடுக்கச் சொன்னது சர்க்கார். அதற்குப் பணம் கொடுத்தது சர்க்கார். இன்னதைச் சொல்ல வேண்டும், இன்னதைச் சொல்லலாகாது என்று வகுத்ததும் சர்க்கார். குரல் ஒன்றுதான் நம்முடையது.

அதே ஜொகூரில், இன்று இஸ்கந்தர் புத்திரி என வழங்கும் இடத்தில், 2013ஆம் ஆண்டில் பெரியதொரு படப்பிடிப்பு நிலையம் ஏற்பட்டது. மலேசிய சர்க்காரின் முதலீட்டு ஸ்தாபனமாகிய கசானாவும் இங்கிலாந்தின் பைன்வுட் கம்பெனியும் கூடி அதை அமைத்தன. அமெரிக்க நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் 'மார்க்கோ போலோ' என்னும் தொடர் அங்கே படமாக்கப்பட்டு 2014இல் வெளிவந்தது. குப்ளாய்கானின் அரண்மனை ஜொகூர் மண்ணில் எழுந்தது. மங்கோலியச் சக்கரவர்த்தியின் கதைக்கு அங்கே இடம் கிடைத்ததைக் குறித்து நமக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மண்ணில் காடு வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்தவர்களின் கதைக்கும் அத்தகைய இடம் உண்டா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆவணப் படம் என்பது, கற்பனைக் கதையை நடிகர்களைக் கொண்டு நடத்திக் காட்டுவதன்று. உள்ள மனிதரை உள்ள இடத்திலே நிறுத்தி, நடந்ததையும் நடப்பதையும் காட்டுவது. டிக்கெட்டு விற்று அதில் முதல் எடுப்பது அரிது. ஆகவே அது பிறந்த நாள் முதல் பிறர் கொடுக்கும் பணத்தை நம்பியே பெரும்பாலும் வாழ்ந்து வருகிறது. பணம் கொடுப்பவர் சில யோக்கியதைகளை வகுக்கிறார். பெற விரும்புபவர் அந்த யோக்கியதைகள் தமக்கு உண்டென்று காட்ட வேண்டியிருக்கிறது. யோக்கியதை என்ற சொல்லைக் கேட்டவுடனே, அதை வகுத்தவர் யார், எதற்காக வகுத்தார் என்று விசாரிப்பது அறிவுடையோர் கடமை. அந்த விசாரணையைச் சரித்திரத்தின் துணைகொண்டு இங்கே செய்ய முற்படுகிறோம்.

மீனுக்குக் கிடைத்த பணம்

ஜான் கிரியர்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1926இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில், ராபர்ட் பிளாகர்ட்டி எடுத்த 'மோனா' என்ற படத்தைப் பற்றி எழுதுகையில் 'டாக்குமெண்டரி' என்னும் சொல்லை வழங்கினார். பிறகு அவர் லண்டனுக்குத் திரும்பி, சாம்ராஜ்ய வியாபார போர்டு என்ற சர்க்கார் ஸ்தாபனத்தில் சேர்ந்தார். சாம்ராஜ்யத்து நாடுகளின் விளைபொருள்களைப் பிரிட்டிஷ் மக்கள் விரும்பி வாங்கும்படி செய்வது அந்தப் போர்டின் வேலை. அங்கே படம் எடுக்க வேண்டுமானால் பொக்கிஷ இலாகாவின் சம்மதம் வேண்டும். அப்பொழுது அவ்விலாகாவின் நிதிக் காரியதரிசியாயிருந்தவர் ஆர்தர் சாமுவேல். சர்க்கார் பணத்தைப் படத்தில் போடுவதை அவர் விரும்பியவரல்லர். ஆனால் அவர் ஹெர்ரிங் என்னும் கடல் மீனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர்! கிரியர்சனைச் சேர்ந்தோர் இதை அறிந்து, ஹெர்ரிங் மீன்பிடித் தொழிலைப் பற்றியே படம் எடுப்பதென்று தீர்மானித்தார்கள். பணம் கிடைத்தது. 1929 நவம்பரில் 'டிரிப்டர்ஸ்' என்ற அப்படம் லண்டனில் முதன்முதலாகக் காட்டப்பட்டது.

சர்க்கார் பணத்தில் எழுந்த ஆவணப் பட இயக்கத்தின் முதற்படி இதுதான். அந்தப் படத்துக்கு யோக்கியதை எங்கிருந்து வந்தது? அதன் பொருளின் மேன்மையிலிருந்தா? இல்லை, பணப்பெட்டியின் சாவியை வைத்திருந்தவருடைய பிரியத்திலிருந்து வந்தது. எனினும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது சரியாகாது. அந்த அதிகாரிக்குப் பிடித்த மீனைக் காட்டுகிற சாக்கில், கிரியர்சன் அந்த மீனைப் பிடிக்கிற மனிதரைக் காட்டினார். உழைப்பாளி என்றால் வேடிக்கைப் பாத்திரம் என்றே பழகியிருந்த பிரிட்டிஷ் திரையிலே, கடலோடு போராடும் கூலிக்காரன் மதிப்போடு நின்றான். மனுவில் எழுதியது மீன். படத்தில் நின்றது மனிதன். மனுச் செய்யப் போகும் நம் இளைஞர்கள் இந்த வித்தையை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

தேயிலையும் எரிவாயுவும்

ஆனால் எல்லாப் படங்களிலும் மனிதனுக்கு இடம் கிடைத்ததென்று சொல்ல முடியாது. இலங்கைத் தேயிலைப் பிரசார போர்டு பணம் கொடுக்க, பேசில் ரைட் என்பவர் 1934இல் 'இலங்கைப் பாட்டு' என்று பொருள்படும் படத்தை எடுத்தார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் படவிழாவில் அது முதற் பரிசு பெற்றது. அழகிலே அதற்கு இணையான படங்கள் சிலவே என்று வல்லார் சொல்லுவர், நாமும் மறுக்கவில்லை. அதில் ஒலிக்கும் வருணனை, 17ஆம் நூற்றாண்டில் கண்டியில் கைதியாயிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டது. படித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வெண்ட். தேயிலை கிள்ளும் தொழிலாளர் திரையில் வருகிறார்கள். ஆனால் மலையேறிக் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண் தன் கூலியைப் பற்றியோ, தன் லயத்தைப் பற்றியோ வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. 250 ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலேயக் கைதியின் சொல்லுக்குக் கிடைத்த இடம், கண்முன் நின்ற தொழிலாளியின் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. தேயிலை விற்க வேண்டும் என்பதே பணம் கொடுத்தவரின் நோக்கமாகையால், தேயிலைக்குப் பின்னாலிருந்த கஷ்டம் யோக்கியதை பெறவில்லை.

இதற்கு மறுதலையும் உண்டு. 1935இல் பிரிட்டனின் எரிவாயு வியாபாரச் சங்கம் பணம் கொடுக்க, ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் லண்டன் சேரி வீடுகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். புது வீடுகள் கட்டப்பட்டால் எரிவாயு அடுப்பு விற்கும் என்பது சங்கத்தாரின் கணக்கு. ஆனால் படம் எடுத்தவர்கள் கருவியைச் சேரிக்குள்ளேயே கொண்டுபோய், எலியும் மூட்டைப் பூச்சியும் ஒழுகும் கூரையுமாகத் தாங்கள் படுகிற பாட்டை ஏழை மக்கள் தங்கள் வாயாலேயே சொல்லும்படி செய்தார்கள். கிரியர்சனின் சகோதரி ரூபி அம்மக்களைக் கூச்சமின்றிப் பேசவைப்பதில் துணைநின்றார். வியாபாரி பணம், ஏழையின் குரல். ஆகவே பணம் யாருடையது என்பது மட்டும் படத்தின் குணத்தைத் தீர்மானித்துவிடுவதில்லை. எடுக்கிறவர் யார், எந்தப் பக்கத்தில் நின்று எடுக்கிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மலாயாவுக்கு வந்த வழி

சாம்ராஜ்ய வியாபார போர்டு 1933இல் கலைக்கப்பட்டது. அதன் படப் பிரிவு தபால் இலாகாவுக்குப் போயிற்று. யுத்த காலத்தில் தகவல் மந்திரி இலாகாவின் கீழ் கிரவுன் படப் பிரிவு என்று பெயர் மாறிற்று. அந்தப் பிரிவைச் சேர்ந்த ரால்ப் எல்டன் இயக்கி 1948இல் வெளிவந்த படத்தின் பெயர் 'மலாயாவின் குரல்கள்'. இதற்கிடையில், ஜப்பானியர் தோற்றுப் பிரிட்டிஷார் திரும்பி வந்த பின், 1946இல் கோலாலம்பூரில் மலாயாப் படப் பிரிவு என்ற சர்க்கார் ஸ்தாபனமே ஏற்பட்டுவிட்டது. லண்டனில் மீன் பிடிப்பதைக் காட்டத் தொடங்கிய சர்க்கார் பட இயக்கம் இருபதாண்டுக்குள் மலாயாவில் காலூன்றிய வரலாறு இது.

1948 ஜூனில் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டோரத்து மக்களைப் புதுக்கிராமங்களுக்குக் குடியேற்றிக் கம்பி வேலிக்குள் வைக்கும் பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூனில் தொடங்கியது. தொடங்கிய இடம் ஜொகூர். சர்க்காருக்கு மக்கள் மனத்தைத் தன் பக்கம் திருப்ப வேண்டிய அவசியம் ஏற்பட்டது. ஆகவே மலாயாப் படப் பிரிவின் கை ஓங்கிற்று. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் அதன் படங்கள் பேசின. நாம் தொடக்கத்தில் சொன்ன வண்டி அவற்றையே தோட்டந்தோறும் கொண்டுபோயிற்று. நாடு 1957இல் விடுதலை பெற்றது. 1963இல் அந்தப் பிரிவு 'பிலிம் நெகாரா மலேசியா' என்று பெயர் பெற்றது.

அப்படங்களைப் பழிப்பது நமது நோக்கமன்று. சுகாதாரம், கல்வி, விவசாயம் ஆகியவற்றைப் பற்றி நல்ல விஷயங்களை அவை மக்களுக்குச் சொல்லின. அன்றைய தோட்டத்தின் நடமாட்டத்தை, இன்று செம்பனை மூடிக்கொண்ட நிலங்களின் பழைய முகத்தை, நாம் ஓரளவேனும் பார்க்க முடிகிறதென்றால் அதற்கும் அவையே காரணம். ஆனால் சர்க்கார் தானே படம் எடுக்கும்போது யோக்கியதை என்ற கேள்வி எழுவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனுவும் இல்லை, மனுதாரரும் இல்லை. சொல்லுகிறவர் ஒருவர், கேட்கிறவர் மற்றெல்லாரும். தோட்டத்துத் தமிழன் அந்த ஏற்பாட்டில் கேட்கிறவனாகவே வைக்கப்பட்டான்.

இந்தியாவிலும் இதே கதைதான் நடந்தது. 1943இல் இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதியொன்றின்படி, கொட்டகைக்காரர் ஒவ்வொருவரும் சர்க்கார் ஒப்புக்கொண்ட படத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. விடுதலைக்குப் பிறகு 1948இல் ஏற்பட்ட பிலிம்ஸ் டிவிஷனும் அதே கட்டாயத்தைத் தொடர்ந்தது. வெள்ளையர் போன பின்பும் அவர்கள் வகுத்த வழக்கம் போகவில்லை. அதனுள்ளும் கிரியர்சனின் வித்தையறிந்த சிலர் இருந்தார்கள். சாஸ்திரி என்பவர் 1967இல், விடுதலை ஆண்டில் பிறந்த இளைஞர்களையே பேசவைத்து எடுத்த படம் சர்க்கார் பணத்தில் எடுத்ததேயாயினும், சர்க்கார் பேச்சாக இல்லை.

சர்க்காரை நாடாத செட்டியார்

இங்கே, சர்க்காரிடம் மனுச் செய்யாமலே படமெடுத்த ஒரு தமிழரை நினைக்க வேண்டும். கோட்டையூர் அ. கருப்பன் செட்டியார், ஏ. கே. செட்டியார் என்று தமிழுலகம் அறிந்தவர், 1911இல் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படப்பிடிப்புக் கற்றார். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியாரின் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுப்பதென்று தீர்மானித்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை.

அந்தப் படத்துக்குப் பிரிட்டிஷ் சர்க்காரிடம் பணம் கேட்க முடியுமா? கேட்டால்தான் கிடைக்குமா? ஆகவே அவர் ஒரு கம்பெனி ஏற்படுத்திப் பங்குகள் சேர்த்தார். சர்க்காருக்கு அஞ்சிப் பணம் கொடுக்கத் தயங்கியோர் பலர். அவர் உலகம் முழுவதும் அலைந்து, பற்பல நாடுகளில் பற்பல படப்பிடிப்பாளர்கள் எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடிச் சேகரித்தார். தென்னாப்பிரிக்கா வரை சென்றார். சேர்ந்தது 50,000 அடி. அதிலிருந்து தொகுத்தது 12,000 அடி. 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ் வருணனையோடு படம் வெளிவந்தது. யுத்த காலமாகையால், சர்க்காரின் கெடுபிடிக்கு அஞ்சி அது நெடுநாள் ஓட முடியவில்லை. 1947இல் விடுதலை வந்த சமயத்தில்தான் டில்லியில் இந்தி வருணனையோடு மீண்டும் வெளிச்சம் கண்டது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, சர்க்கார் கொடுக்காவிட்டால் பொதுமக்கள் கொடுப்பார்கள். உண்மையான காரியத்துக்கு அந்த யோக்கியதையே போதும். மற்றொன்று கசப்பானது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தத் தமிழ்ப் படம் முழுமையாக நம் கையில் இல்லை. பின்னாளில் சுருக்கிய ஆங்கில வடிவம் மட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கிடைத்தது. எடுக்கப் பணம் திரட்டியவர் ஒருவர் இருந்தார். காப்பாற்றி வைக்க ஒரு ஸ்தாபனம் இல்லை. படம் எடுக்கத் தனி மனிதன் போதும். அதை நூறாண்டு காக்க ஸ்தாபனம் வேண்டும். ஆகவேதான் சர்க்காரை முற்றிலும் விட்டுவிடுவோம் என்று நாம் சொல்லத் துணியவில்லை.

இன்றைய விதிகள்

இனி மலேசியாவுக்குத் திரும்புவோம். தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், சுருக்கமாகப் பினாஸ், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. படங்களைத் தயாரிக்கவும், விநியோகிக்கவும், காட்டவும் லைசென்சு பெறவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. 2013இல் பிலிம் நெகாராவும் இதனோடு இணைக்கப்பட்டது. ஆக, அன்று தானே படமெடுத்த சர்க்கார் கை, லைசென்சு கொடுக்கும் கை, உதவித் தொகை வழங்கும் கை ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தன.

உதவித் தொகை பெறுவதற்கு வேண்டிய யோக்கியதைகள் எவை? பொதுவாகச் சொன்னால், மனுதாரர் பதிவு பெற்ற கம்பெனியாயிருக்க வேண்டும். தயாரிப்பு லைசென்சு வேண்டும். அந்த லைசென்சுக்குச் செலுத்தப்பட்ட மூலதனம் 50,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்துவந்த விதி. அதன்பின் படத்தின் சுருக்கம், விரிவு, செலவுத் திட்டம், கால அட்டவணை, முன்பு எடுத்த படங்களின் விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இத்தகைய தொகை ஒரே தடவையில் கைக்கு வருவது அரிது. வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாக வருவதே வழக்கம். அதாவது பணம் பெறுவதற்கு முன்பே கொஞ்சம் பணம் வைத்திருக்க வேண்டும். நெல் விதைக்கக் கடன் வேண்டுமானால் நெல் மூட்டையைக் காட்டு என்பது போன்றது இது.

ஜொகூர் நிலையம் ஏற்பட்ட அதே 2013இல் இன்னொரு சலுகையும் தொடங்கிற்று. மலேசியாவில் படமெடுத்துச் செலவிடும் தகுதியுள்ள தொகையில் 100க்கு 30 வீதம் திருப்பித் தரப்படும் என்பது அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொடக்க விதியின்படி, உள்நாட்டார் குறைந்தது 25 இலட்சம் ரிங்கிட்டும் வெளிநாட்டார் 50 இலட்சம் ரிங்கிட்டும் செலவிட்டால்தான் அந்தச் சலுகை கிட்டும். 25 இலட்சம் செலவழிக்க வல்லவனுக்கு ஏழரை இலட்சம் திரும்பும். 25,000 மட்டும் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் இல்லை. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு பழைய தோட்டத்தின் கதையைப் படமாக்க விரும்பும் இளைஞனுக்கு, தன் ஊருக்குப் பக்கத்திலேயே எழுந்த நிலையம் சந்திர மண்டலத்திலிருப்பது போன்றதே.

மொழியும் ஒரு யோக்கியதையாக நின்றது. 2016ஆம் ஆண்டு மலேசியப் படவிழாவில், மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனி வரிசையில் வைத்தார்கள். தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பத்துச் சிறுவனைப் பற்றிச் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' என்னும் கதைப்படமும் அவ்வரிசையில் நின்றது. கலைஞர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். அவர்களில் மலாய்க்காரரும் இருந்தார்கள் என்பதைப் பாராட்டுதலோடு குறிக்கிறோம். பிறகு சிறந்த படம், சிறந்த இயக்கம் முதலிய பரிசுகள் எல்லா மொழிக்கும் திறந்துவிடப்பட்டன. திறந்தவுடன் சிறந்த மலேசியப் படமென்ற பரிசை வென்றது 'ஜகாட்'; சிறந்த இயக்குநர் பரிசும் அவருக்கே. தகுதி இல்லாமலா தனி வரிசையில் வைக்கப்பட்டது? தகுதி முன்பே இருந்தது, கதவுதான் சாத்தியிருந்தது.

லைசென்சு என்பது வெறும் காகிதமன்று என்பதற்கு 2020 ஜூலையில் நடந்ததைச் சொல்லலாம். நோய்த் தொற்றுக் கால அடைப்பின்போது அயல்நாட்டுத் தொழிலாளர் பிடிக்கப்பட்டதைப் பற்றி அல்ஜசீரா தொலைக்காட்சி ஓர் ஆவணப் படம் வெளியிட்டது. லைசென்சு பெறாமல் எடுத்த படம் என்று அதன்மேல் குற்றம் சாட்டப்பட்டது. இது செய்தி நிகழ்ச்சி, படமன்று என்று அவர்கள் பதிலுரைத்தார்கள். எது சரியென்ற வழக்கில் நாம் புகவில்லை. நூறாண்டுக்கு முன் கப்பலேறி வந்து கூலிக்கு நின்றவர்களின் பேரப் பிள்ளைகளாகிய நாம், இன்று கூலிக்கு நிற்கும் வங்காளியின், நேப்பாளியின் குரலும் ஒரு காகிதத்தில் தொங்குகிறதே என்று கவலைப்படாமலிருக்க முடியுமா?

யோக்கியதை பெறாத பாதை

ஜொகூர்த் தமிழரின் கதைகளிலே, படமாக வேண்டிய அவசரம் மிகுந்தது சயாம் மரண ரயில்பாதை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பின், சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையைக் காட்டிலும் மலையிலும் போட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளான நேசநாட்டுச் சிப்பாய்கள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளரின் தொகை அதைக் காட்டிலும் பன்மடங்கு. மாண்டவர் தொகை ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுவோர் உண்டு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் தோட்டத் தமிழரே மிகுதி. ஜொகூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. நல்ல கூலி என்று ஆசை காட்டியும், படம் காட்டுவதாகவும் அரிசி கொடுப்பதாகவும் கூட்டம் சேர்த்துப் பிடித்தும் ஆட்களை ஏற்றினார்கள் என்று தப்பி வந்தோர் சொல்லக் கேட்டவர் இன்னும் இருக்கிறார்கள்.

சிப்பாய்களின் கல்லறைகளைக் காஞ்சனபுரியில் காணலாம்; ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளிக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 'குவாய் நதிப் பாலம்' என்ற படம் 1957இல் வந்து, ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அதைப் படமாக்கிய இடம் இலங்கையின் கித்துல்கல. கதை வெள்ளைச் சிப்பாய்களின் கதை. பிணமாய் விழுந்தவர்களில் பெரும்பாலோர் அதில் இல்லை. சண்முகம், அ. ரெங்கசாமி முதலிய மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நாவல்களில் இத்துயரை எழுதி வைத்தார்கள். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தோழர்கள் சிலர் தம் முயற்சியால் ஓர் ஆவணப் படமும் எடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் இது மலேசியாவின் சரித்திரம். மலாயா மண்ணிலிருந்து ரயிலேறிய மலாயாத் தொழிலாளரின் சரித்திரம். தேசிய நிதிக்கு இதைவிட யோக்கியதையுள்ள பொருள் எது?

அன்று பதினைந்து வயதுப் பையனாக ரயிலேறியவன் இன்று உயிரோடிருந்தால் நூறை நெருங்கியிருப்பான். கண்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்கள் வாயால் கேட்ட மக்களுக்கும் எழுபது, எண்பது வயதாகிவிட்டது. விதி திருந்தட்டும், நிதி பெருகட்டும் என்று நாம் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் சில சாட்சிகளை இடுகாட்டுக்கு அனுப்புகிறது.

செய்ய வேண்டியது

ஆகவே நாம் சொல்லுவது மூன்று.

முதலாவது, சர்க்கார் பணத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது எவருடைய வீட்டுச் சொத்துமன்று. ரப்பர் ஏற்றுமதி வரியால் அந்தப் பொக்கிஷத்தை நிரப்பியவர்களில் ஜொகூர்த் தோட்டத் தமிழனும் ஒருவன். அவன் பேரன் மனுச் செய்வது பிச்சை கேட்பதாகாது, கணக்குக் கேட்பதாகும். ஆனால் கணக்குக் கேட்பவன் கணக்கு எழுதத் தெரிந்தவனாயிருக்க வேண்டும். தனித்தனியே நின்று தோற்பதைவிட நால்வர் கூடி ஒரு கம்பெனியைப் பதிவு செய்வதும், லைசென்சு பெறுவதும், செலவுத் திட்டம் எழுதக் கற்பதும் இன்றைய இளைஞருக்கு இலக்கணம் கற்பது போன்ற அவசியமான படிப்பு. சங்கங்களும் கூட்டுறவு நாணயக் கழகங்களும் அவர்களுக்கு ஆரம்ப மூலதனத்தைக் கடனாகவேனும் கொடுக்கட்டும்.

இரண்டாவது, யோக்கியதை விதிகளைத் திருத்தும்படி சர்க்காரை வற்புறுத்த வேண்டும். பெரிய முதலாளிக்குச் செலவில் 100க்கு 30 திருப்பித் தரும் அரசு, 50,000, 1,00,000 ரிங்கிட்டில் முடியும் சிறு ஆவணப் படங்களுக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்கலாகாதா? எந்த மொழியில் எடுத்தாலும் மலேசியரின் சரித்திரம் மலேசியச் சரித்திரமே என்று விதியில் ஒரு வரி எழுதலாகாதா? எடுத்த படங்களைக் காத்து வைக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்கட்டும்; செட்டியார் படத்துக்கு நேர்ந்த கதி இனி ஒரு படத்துக்கும் நேரக் கூடாது.

மூன்றாவதே முக்கியமானது. பணத்துக்குத்தான் யோக்கியதை வேண்டும். சாட்சியத்தைச் சேகரிக்க எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசி, ஏ. கே. செட்டியார் கண்டிராத கருவி. வீட்டிலிருக்கும் முதியவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பெயர், ஊர், தோட்டம், ஆண்டு, யார் போனார், யார் திரும்பினார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய படம், சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள். மனு எழுதும் நாள் வரும்போது அம்மனுவுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சரக்குத்தான். மனு தோற்றாலும் சரக்கு தோற்காது.

சர்க்கார் வண்டி கொண்டுவந்த படத்தை நம் முன்னோர் தரையிலிருந்து பார்த்தார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. நமக்கு வழி இருக்கிறது. இருந்தும் நாம் தரையிலேயே உட்கார்ந்திருப்போமானால், யோக்கியதை இல்லையென்று சொன்னவர்களைக் குறைகூற நமக்கு வாயிராது.